மேஹெம் என்றால் வெறும் கலவரமா? பழைய ஆங்கிலத்தின் காயச் சொற்கள்

ஜனவரி 11, இரவு 9.40

ஒரு கருத்தை வைக்கிறேன். மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம். பழைய ஆங்கிலத்தில் காயத்துக்கென்று இருந்த கனமான சொற்களில் பெரும்பங்கு வைத்தியர் வீட்டில் பிறக்கவில்லை, வழக்காடும் இடத்தில்தான் பிறந்தது. அடிபட்டவனுக்கு எவ்வளவு வலி என்பதைவிட அடித்தவன் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதற்குத்தான் அந்தச் சொற்கள் தேவைப்பட்டன.

மேஹெம் என்ற சொல்லையே எடுங்கள். இன்று கிரிக்கெட் வர்ணனையில்கூட அடிபடுகிறது. அமளி, கூச்சல், குழப்பம் என்று புரிந்துகொள்கிறோம். அந்தப் பொருள் மிகப் பிந்தி வந்தது. இங்கிலாந்தின் பழைய பொதுச்சட்டத்தில் (நீதிமன்றத் தீர்ப்புகளால் வளர்ந்த சட்டம்) மேஹெம் ஒரு குறிப்பிட்ட குற்றத்தின் பெயர். ஒருவன் சண்டையில் தன்னைக் காத்துக்கொள்ளவோ எதிரியைத் திருப்பி அடிக்கவோ முடியாதபடி அவன் உறுப்பைப் போக்குவதுதான் மேஹெம். முடமாக்குவதைச் சொல்லும் மெய்ம் என்ற சொல்லும் இதுவும் ஒன்றேதான். பழைய பிரெஞ்சிலிருந்து வந்து, பேச்சில் ஒரு வடிவமும் சட்டத்தில் ஒரு வடிவமுமாகப் பிரிந்துகொண்டது.

இதில் என்னை உலுக்கியது அதன் அளவுகோல். கை போனால் மேஹெம். விரல், கண், முன்பல் போனாலும் மேஹெம். மூக்கையோ காதையோ அறுத்தால் அது மேஹெம் ஆகாது! ஆங்கிலச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன், தன் சட்ட விளக்கவுரையின் 1769-இல் வெளிவந்த நான்காம் தொகுதியில் இதைத் தெளிவாகவே எழுதுகிறார்: மூக்கும் காதும் போனால் முகம் கெடும், ஆனால் போரிடும் வலு குறையாது. முன்பல் ஏன் சேர்ந்தது? சண்டையில் கடிக்க உதவும். கடைவாய்ப் பல்லுக்கு அந்தப் பெருமை கிடையாது.

வக்கீல் குமாஸ்தாவாக, காயத்துக்கு டாக்டர் எழுதித் தரும் வூண்ட் சர்டிபிகேட்டுகளோடு காலம் தள்ளுகிறவன் நான். ‘சிம்பிளா, கிரீவியஸா’ (சாதாரணக் காயமா, கொடுங்காயமா) என்ற ஒற்றை வார்த்தையில் ஒரு குடும்பத்தின் வழக்கே திசை மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தச் சொற்களின் வேர் மேல் எனக்கு இவ்வளவு பிடிப்பு.

ஜனவரி 11, இரவு 11.15

படுக்கப் போனவன் எழுந்து வந்து எழுதுகிறேன். இதைச் சொல்லாவிட்டால் மேலே சொன்னது பாதிதான்.

1613-இல் லெஸ்டர் பகுதியில் ரைட் என்றொருவன். நல்ல திடகாத்திரமான ஆள். பிச்சை கூடுதலாக விழும் என்று கணக்குப் போட்டு, கூட்டாளியிடம் சொல்லித் தன் இடது கையை வெட்டிக்கொண்டான். வெட்டியவன் மேலும் வழக்கு, வெட்டிக்கொண்டவன் மேலும் வழக்கு. இருவரும் தண்டனை பெற்றார்கள். பதிவு செய்திருப்பவர் சர் எட்வர்ட் கோக் என்ற பெரும் சட்ட அறிஞர். ‘என் கை, என் சம்மதம்’ என்ற பேச்சே அங்கே எடுபடவில்லை. அந்தக் கையில் அரசனுக்குப் பங்கு உண்டு, அவன் படைக்கு ஓர் ஆள் குறைகிறது அல்லவா.

ஜனவரி 12, மாலை

இன்னும் பின்னால் போகலாம். இங்கிலாந்தின் தென்கிழக்கில் இருந்த கென்ட் நாட்டை ஆண்ட ஏதல்பெர்ட் அரசனின் சட்டம் ஏறத்தாழ கி.பி. 600-இல் எழுந்தது. ஆங்கிலத்தில் எழுதி இன்றும் கிடைப்பவற்றில் மிகப் பழையது இதுவே என்கிறார்கள். அந்த மொழியின் முதல் நூல் பாட்டாகவோ பிரார்த்தனையாகவோ இருக்கும் என்று நினைப்போம். பார்த்தால் பெரும்பகுதி காயங்களின் விலைப்பட்டியல்!

சாதாரணக் குடியானவன் ஒருவனின் உயிருக்கு 100 ஷில்லிங். கண் ஒன்றுக்கு 50. பாதத்துக்கும் 50. கட்டைவிரல் 20, அதன் நகம் மட்டும் போனால் 3. காது அறுபட்டால் 12, காது கேட்காமலே போனால் 25. முன்பற்கள் நான்கில் ஒவ்வொன்றும் 6 ஷில்லிங், பக்கத்துப் பல் 4, அதற்கடுத்தது 3, மற்றவை ஒவ்வொன்றும் 1. எலும்பு வெளியே தெரிந்தால் 3, எலும்பிலேயே வெட்டு விழுந்தால் 4. ஆண்குறியைச் சேதப்படுத்தினால் உயிர்விலையைப் போல் மூன்று மடங்கு. அதாவது கொன்றுபோட்டிருந்தால் செலவு குறைந்திருக்கும். வம்சத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நான் படிக்கிறேன்.

விரல்களுக்கு அவர்கள் வைத்த பெயர்களைப் பாருங்கள். ஆள்காட்டி விரல் அங்கே ‘எய்யும் விரல்’. மோதிர விரல் ‘பொன்விரல்’. அந்தப் பொன்விரலுக்கு 6 ஷில்லிங், நடுவிரலுக்கு 4, சுண்டு விரலுக்கு 11! முதல் தடவை படிக்கையில் எழுத்துப்பிழையோ என்று மறுபடி தேடிப் பார்த்தேன், எல்லாப் பதிப்பிலும் 11 தான்.

பிறகு ஒரு வழக்கு நினைவுக்கு வந்தது. இளநீர் வெட்டுகிற ஒருவர், தகராறில் இடக்கைச் சுண்டு விரல் போய்விட்டது. மனிதர் இடக்கைப் பழக்கம். ‘சுண்டு விரல்தானே’ என்று எதிர்த்தரப்பில் லேசாகப் பேசினார்கள். அவர் எங்கள் அலுவலகத்திலேயே ஒரு ரூல்தடியை அரிவாள் மாதிரி பிடித்துக் காட்டினார். பிடியின் அடிப்பக்கத்தைப் பூட்டுவது சுண்டு விரல். அது இல்லாமல் ஓங்கினால், இறங்கும்போது பிடி உள்ளங்கையில் சுழன்று அலகு பக்கவாட்டில் திரும்புகிறது. தேங்காயில் படவேண்டியது மணிக்கட்டில் படும். வாள் பிடித்தவர்கள் எழுதிய சட்டத்தில் சுண்டு விரல் நடுவிரலை முந்தியதற்கு வேறு விளக்கம் எனக்கு வேண்டியதில்லை.

ஜனவரி 12, இரவு

மறந்துவிட்டேன். அதே சட்டத்தில் ‘ஃபெயாக்ஸ்ஃபாங்’ என்று ஒன்று இருக்கிறது. ஃபெயாக்ஸ் என்றால் தலைமயிர், ஃபாங் என்றால் பற்றுதல். ஒருவன் மயிரைப் பிடித்து இழுத்தால் 50 ஷியாட், அதாவது இரண்டரை ஷில்லிங். ரத்தம் வராது, எலும்பு முறியாது, ஆனாலும் கட்டைவிரல் நகத்தை நெருங்கும் விலை. இப்படிப் பச்சையாகப் பெயர் சூட்டிய மொழி அந்தச் சொல்லைப் பிற்பாடு தொலைத்துவிட்டதே என்று இருக்கிறது.

ஜனவரி 13

இழப்பீட்டுக்கு அவர்கள் சொன்ன சொல் ‘போட்’. இன்று ஆங்கிலத்தில் ‘அதற்கும் மேலாக’ என்ற பொருளில் ‘டு பூட்’ என்கிறார்களே, அந்த பூட் இதுதான். காலில் போடும் பூட்ஸுக்கும் இதற்கும் உறவு கிடையாது. ஆளைக் கொன்றால் கொடுப்பது வெர்கில்ட், ‘ஆள்பணம்’. அந்த வெர் என்பது மனிதன். வேர்வுல்ஃப் கதையில் வரும் ஓநாய்மனிதனிலும் அதே வெர்.

ஜனவரி 15, காலை

‘எல்லாமே கோர்ட்டில் பிறந்தது என்றால் உழுகிறவனும் செருப்புத் தைக்கிறவனும் தங்கள் புண்ணுக்குப் பெயரே வைக்கவில்லையா?’ என்று கேட்ட ஐயாவுக்கு வணக்கம். நியாயமான கேள்வி. வைத்திருக்கிறார்கள். அந்தச் சொற்களின் சுவையே தனி.

ஆக்நெயில் என்று ஒரு பழைய சொல். மூல வடிவம் ‘ஆங்நேகல்’. முதல் பகுதிக்கு இறுக்கம், வலி என்று பொருள். கோபத்தைச் சொல்லும் ஆங்கரும் வேதனையைச் சொல்லும் ஆங்குவிஷும் அதே குடும்பம்தான். இரண்டாம் பகுதி நெயில், இங்கே இரும்பாணி. காலில் ஆணி அடித்தாற்போல் உள்ளே இறங்கி நிற்கும் கடினப் புண்ணுக்கு அந்தப் பெயர். நாம் என்ன சொல்கிறோம்? கால் ஆணி! லத்தீன்காரர்களும் ஆணி என்று பொருள்படும் ‘கிளாவுஸ்’ என்றே சொன்னார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்க வாய்ப்பில்லை. அந்தப் புண்ணோடு கல்லில் ஒரு எட்டு வைத்தவன் எவனாக இருந்தாலும் ஆணி என்றுதான் சொல்வான்.

அப்புறம் நடந்தது வேடிக்கை. நெயில் என்றால் நகமும் உண்டல்லவா? காலப்போக்கில் மக்கள் இரும்பாணியை மறந்து நகத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கால் புண்ணின் பெயர் கைக்கு ஏறி, நகத்தோரம் பிய்ந்து தொங்கும் தோலுக்கு ஆகிவிட்டது. தொங்குகிறதே என்று முன்னால் ஒரு ‘ஹ’ சேர்ந்து ஹாங்நெயில் ஆயிற்று.

குளிர்நாட்டுப் புண்களும் இருக்கின்றன. ‘பிளெய்ன்’ என்றால் கொப்புளம். குளிரால் வருவது சில்பிளெய்ன். அது குதிகாலில் வந்து வெடித்தால் ‘கைப்’. இது வேல்ஸ் மொழியிலிருந்து வந்திருக்கலாம் என்பது அகராதிகளின் ஊகம். ஹாம்லெட் கல்லறைக் காட்சியில் ஷேக்ஸ்பியர் இதை ஒரு குத்தாகப் பயன்படுத்துகிறார்: குடியானவனின் கால்விரல் பிரபுவின் குதிகாலை நெருங்கி அவன் கைப்பை உரசுகிறதாம். சாமானியன் மேலே ஏறி வருவதை ஒரு வெடித்த குதிகாலில் காட்டிவிட்டார்.

பழைய ஆங்கிலக் கவிஞர் சாஸரின் கதைகளில் வரும் சமையல்காரனுக்கு முழங்காலுக்குக் கீழே ‘மார்மல்’ என்று ஆறாத புண். செத்த தீமை என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல் அது. ஆளின் சமையலைப் புகழ்ந்துகொண்டே சாஸர் அந்தப் புண்ணையும் காட்டிவிடுகிறார். பிறகு யார் சாப்பிடுவார்கள்?

ஆக, ஐயா சொன்னதை ஏற்று என் கருத்தை இப்படிப் பிரித்துக்கொள்கிறேன். இன்னொருவன் தந்த காயத்துக்குப் பெயர் வைத்தது வழக்கு. குளிரும் செருப்பும் வேலையும் தந்த புண்ணுக்குப் பெயர் வைத்தது அதைச் சுமந்தவன்.

ஜனவரி 16

‘உடைந்த கணைக்கால் எலும்புக்கு இலை வைத்துக் கட்டினால் சரியாகுமா, ஷேக்ஸ்பியர் இப்படி எழுதலாமா?’ என்று ஒரு கேள்வி. ரோமியோ ஜூலியட்டில் வரும் அந்த இடம் எலும்பு முறிவு பற்றியதே இல்லை. அன்றைய ஆங்கிலத்தில் தலை ‘உடைந்தது’, கணைக்கால் ‘உடைந்தது’ என்றால் தோல் கிழிந்து ரத்தம் வந்தது என்று பொருள். சிராய்ப்புக்கு வாழையிலையா என்றும் யாரும் கேட்க வேண்டாம். அங்கே சொல்லும் பிளான்டெய்ன் தரையோடு படரும் ஒரு சிறு செடி, அதன் இலையைக் காயத்துக்கு வைப்பது அங்கே வழக்கம்.

பிள்ளைகள் பாடும் ஜாக் அண்ட் ஜில் பாட்டையும் இப்படித்தான் படிக்க வேண்டும். ஜாக்கின் ‘கிரௌன்’ உடைகிறது, அதாவது உச்சந்தலை. மண்டை பிளந்திருந்தால் வினிகரும் பழுப்புத் தாளும் வைத்துக் கட்டிப் படுத்திருப்பானா? அது வீங்கிய, கன்றிய இடத்துக்கு அந்தக் காலத்து ஒத்தடம்.

ஜனவரி 18, இரவு

மூக்குக்கு மேஹெம் இல்லை என்றேன். அந்த ஓட்டையை அடைத்த கதை இது.

1670 டிசம்பர். ஜான் கோவென்ட்ரி என்ற பாராளுமன்ற உறுப்பினர். நாடகக் கொட்டகைகளுக்கு வரி போடலாமா என்று விவாதம். நடிகர்கள் அரசரின் மகிழ்ச்சிக்கு உரியவர்கள் என்று அரசர் தரப்பில் சொன்னார்கள். அரசரின் மகிழ்ச்சி நடிகர்களிடமா, நடிகைகளிடமா என்று கோவென்ட்ரி எழுந்து கேட்டுவிட்டார். அன்றைய அரசர் இரண்டாம் சார்லஸின் காதல் கதைகள் ஊரறிந்தவை. அடுத்து நடந்தது அந்தக் காலத்து ‘கவனிப்பு’. வீடு திரும்பும் வழியில் அரசரின் காவற்படை ஆட்கள் மடக்கி, அவர் மூக்கை எலும்பு வரை கிழித்தார்கள்.

பாராளுமன்றம் கொதித்தது. பதுங்கியிருந்து தாக்கி, முடமாக்கும் அல்லது உருவைக் கெடுக்கும் நோக்கத்தோடு நாக்கை வெட்டினாலோ கண்ணைப் பிடுங்கினாலோ மூக்கைக் கிழித்தாலோ உதட்டை அறுத்தாலோ மரண தண்டனை என்று சட்டம் வந்தது. அவர் பெயராலேயே கோவென்ட்ரி சட்டம் என்கிறார்கள். உறுப்பின் பயன் மட்டுமே எண்ணப்பட்ட இடத்தில் முகத்துக்கும் ஒரு மதிப்பு ஏறியது இங்கேதான். ஒரு உறுப்பினரின் மூக்கு கிழிய வேண்டியிருந்தது என்பது கசக்கிறது. அதற்கு முன் மூக்கு இழந்த ஏழைகளுக்காக யார் கொதித்தார்கள்?

சட்டத்தின் சொல் எவ்வளவு கூரானது என்பதற்கு இன்னொரு வழக்கு. 1722, பரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊர். ஆரண்டேல் கோக் என்ற வழக்கறிஞர் (முன்பு சொன்ன கோக் வேறு). சொத்துக்காக மைத்துனர் கிறிஸ்பைத் தேவாலய வளாகத்தில் உட்பர்ன் என்ற ஆளைக்கொண்டு வெட்டச் செய்தார். முகம் சிதைந்தது, கிறிஸ்ப் பிழைத்துக்கொண்டார். வழக்கில் கோக் வைத்த வாதம்: ‘உருவைக் கெடுக்க நான் நினைக்கவே இல்லை, கொல்லத்தான் நினைத்தேன். ஆகவே இந்தச் சட்டம் என்மேல் பாயாது.’ கொலை முயற்சிக்கு அன்று தூக்கு இல்லை, கோவென்ட்ரி சட்டத்துக்கு உண்டு. நடுவர்கள் அதை ஏற்கவில்லை. கொல்ல நினைத்தவன் வெட்டியே கொல்ல நினைத்தான், வெட்டில் உருச்சிதைவு அடங்கும் என்றார்கள். இருவரையும் தூக்கிலிட்டார்கள்.

ஒரு மனிதன் தன் உயிரைக் காக்க ‘நான் கொலைகாரன்’ என்று வாதாடினான். எத்தனையோ வழக்குக் கட்டுகளைப் புரட்டியவன் நான், இப்படி ஒன்றைக் கண்டதில்லை.

ஜனவரி 20

நேற்று ஒருவர் ‘பிளாக் அண்ட் ப்ளூ’ பற்றிக் கேட்டார். முதலில் அது கறுப்பும் நீலமும் இல்லை, ‘பிளாக் அண்ட் பிளோ’. பிளோ என்பது பழைய ஸ்காண்டிநேவிய மொழியிலிருந்து வந்த சொல், ஈயத்தின் மங்கிய நிறம். கன்றிய தோலைப் பாருங்கள், சரியாக அந்த நிறம்தான். பிளோ வழக்கொழிந்ததும் பக்கத்து ஒலியான ப்ளூ வந்து உட்கார்ந்துகொண்டது.

கன்றலுக்கும் ஏதல்பெர்ட் விலை வைத்திருக்கிறார். அடிபட்டுக் கறுத்த இடம் உடைக்கு வெளியே தெரிந்தால் 30 ஷியாட், உடைக்குள் மறைந்தால் 20. ஏறத்தாழ முந்நூறு வருடம் கழித்து ஆல்ஃபிரட் அரசனின் சட்டத்திலும் அதே கணக்குதான். மயிருக்குள் ஓர் அங்குலக் காயம் 1 ஷில்லிங், நெற்றியில் ஓர் அங்குலக் காயம் 2. ஊரார் கண்ணில் படுகிற காயத்துக்குக் கூடுதல்.

நம் ஸ்டேஷன்களில் ரத்தம் வராத உள்ளடியை ‘ஊமைக்காயம்’ என்று எழுதுவார்கள். எவ்வளவு நல்ல சொல்! வலியெல்லாம் உள்ளே, காட்ட வெளியே ஒன்றுமில்லை. ஊமைக்காயத்தோடு வருகிற பெண்களைப் பல வருடமாகப் பார்க்கிறேன். புடவைக்குள் மறைந்த அடியை யாரும் எழுதிக்கொள்வதில்லை என்றுதான் அவர்கள் முதல் பேச்சே இருக்கும். கென்ட்டின் அந்த 20 ஷியாட்டைக் குறைவு என்று நினைத்தேன், ஆனால் உடைக்குள் இருந்ததற்கும் ஒரு தொகை எழுதிவைத்திருக்கிறார்களே.

ஜனவரி 21

சுருக்கமாகச் சில. ஹர்ட் என்பது ஆட்டுக்கடா முட்டுவதுபோல் மோதுவதைச் சொன்ன பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. வேகமாகப் பாய்வதைச் சொல்லும் ஹர்ட்டிலும் அதிலிருந்துதான். இஞ்சுரி என்பது லத்தீனில் ‘நீதி இல்லாமை’, உடம்புக்கு வந்தது பிறகே. ஸ்கேத் என்றால் தீங்கு, அந்தச் சொல் ஏறக்குறைய இறந்துவிட்டது, ‘காயமின்றித் தப்பினார்’ என்னும் அன்ஸ்கேத்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது. தழும்பைச் சொல்லும் ஸ்கார் கிரேக்கத்தில் ‘எஸ்காரா’, நெருப்பு மூட்டும் அடுப்பு. சுட்ட புண்ணின் பொருக்குக்கு ஆகி, பிறகு எல்லாத் தழும்புக்கும் ஆயிற்று.

ஜனவரி 24

‘இதெல்லாம் செத்த சட்டம், இன்று யாருக்கு உதவும்?’ என்ற கேள்விக்கு.

கோவென்ட்ரி சட்டத்தை 1828-இல் நீக்கினார்கள். ஆனால் அதன் பிள்ளைகள் நம் வீட்டில் வளர்ந்தன. மெக்காலே தலைமையிலான குழு வரைந்து 1860-இல் நிறைவேறிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 320-ஆம் பிரிவைத் திறந்து பாருங்கள், கொடுங்காயம் எது என்ற பட்டியல். ஆண்மை நீக்கம், கண் பார்வை, காது கேட்கும் திறன், உறுப்பு அல்லது மூட்டு இழப்பு, உறுப்பின் வலு கெடுதல், தலை அல்லது முகம் நிரந்தரமாக உருக்குலைதல், எலும்போ பல்லோ முறிதல் அல்லது இடம் பெயர்தல். ஏதல்பெர்ட் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் படித்தால், விலையை மட்டும் எடுத்துவிட்டு வரிகளை அப்படியே விட்டதுபோல் இருக்கிறது. மேஹெம் சேர்க்காத முகம் இங்கே சேர்ந்துவிட்டது, கடைவாய்ப் பல்லும் சேர்ந்துவிட்டது.

எட்டாவதாக ஒன்று, அதுதான் எனக்குப் பிடித்தது. உயிருக்கு ஆபத்தான காயமும், 20 நாள் கடும் வேதனையில் கிடத்திய அல்லது வழக்கமான வேலையைச் செய்யவிடாத காயமும் கொடுங்காயம். எந்த உறுப்பு என்று கேட்காமல், அந்த ஆள் எத்தனை நாள் துடித்தான் என்று கேட்கிற வரி. இப்போது அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆம் பிரிவில் அந்த 20 நாள் 15 நாளாகக் குறைந்திருக்கிறது.

வழக்கு உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த நாள் கணக்கை நிரூபிக்கத் தாள் வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்ந்த தேதி, டிஸ்சார்ஜ் தேதி மட்டும் போதாது. வீட்டுக்கு வந்த பிறகு கட்டு மாற்றப் போன ஓ.பி. சீட்டு ஒவ்வொன்றையும் பத்திரமாக வையுங்கள். பெரும்பாலானவர்கள் மாத்திரை வாங்கியதும் அதைக் கடையிலேயே கசக்கிப் போட்டுவிடுகிறார்கள்.